அஞ்சம்மாள் பொது அறைக்குத் திரும்பிய கதை

இலவச சட்ட உதவி வேலை பார்க்கும் வக்கீல் பெண்கள் இருவர் போன மாதம் போலகத்துக்கு என் வீடு தேடி வந்தார்கள். சிறைவாசிகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். ‘நியாயமில்லாமல் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியாக வைத்தால் என்ன செய்யலாம்’ என்று அதில் ஒரு பகுதி. சட்டத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள். உள்ளே வேலை பார்த்த ஒருத்தி நடந்ததை எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தெம்பாக இருக்கும் என்றார்கள். நான் பெண் வார்டராகச் சேர்ந்து தலைமை வார்டராக ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். ஆனால் அவர்கள் கேட்டதுமே அஞ்சம்மாள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வேலையில் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். பத்தாவது முடித்ததும் பரீட்சை எழுதினேன், ஓட்டத்தில் தேறினேன். பயிற்சியில் சல்யூட் அடிக்கவும், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நகரவும், தலை எண்ணவும் சொல்லிக் கொடுத்தார்கள். காக்கிப் புடவையில் முதல் நாள் பஸ் ஏறியபோது கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கியது ஒன்றுதான் அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த பெருமை.

நான் அதிக காலம் இருந்தது ஒரு சின்னக் கிளைச் சிறை. எந்த ஊர் என்று எழுதவில்லை. ஆண்கள் பக்கம் பெரியது. பெண்கள் பக்கம் ஒரு நீள அறை, ஒரு முற்றம், ஒரு குழாய், அவ்வளவுதான். முற்றத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒற்றை அறை ஒன்று இருந்தது. அதைப் பின்னறை என்போம். பெண்கள் பக்கத்தில் சேர்ந்தாற்போல் ஏழெட்டுப் பேர் இருந்தாலே அதிகம்.

பின்னறை கெட்ட அறை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை எங்களிடம் இருந்த ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டது. டாக்டர் வந்து பார்த்து, இன்ன காரணம், இத்தனை நாள், தினமும் நானே வந்து பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்து அவளை அங்கே வைத்தார். மற்றவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அவளோடு பேசினார்கள். தாயம் விளையாடும்போது அவளுக்கும் சேர்த்துக் கட்டை உருட்டி, விழுந்ததைக் கத்திச் சொன்னார்கள். உள்ளே இருந்தபடியே அவள் இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். உடம்பு தேறியதும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அழைத்து வந்தோம். தன்னை ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள் என்பதும் எப்போது விடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அஞ்சம்மாளுக்கு அந்த இரண்டுமே தெரியாது.

அஞ்சம்மாள் கடற்கரைக் குப்பத்துக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், ஆள் கொஞ்சம் தாட்டியம். அலுமினியக் கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்று, பிறகு மார்க்கெட்டில் இடம் பிடித்தவள். அவள் இந்தத் தெருவில் “கெழங்கா, நண்டு” என்று கூவினால் அடுத்த தெருவில் சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம். அவளே சொன்னதுதான். குரலைக் கேட்டவர்கள் நம்புவார்கள்.

மார்க்கெட்டில் தகரக் கொட்டகையின் நிழல் விழும் இடத்துக்காக அவளுக்கும் பக்கத்துக் குப்பத்து வசந்தாவுக்கும் சண்டை. வசந்தா அவளைவிடப் பத்து வயது இளையவள், ஒல்லி, வாய் மட்டும் சளைத்ததல்ல. அஞ்சம்மாள் கூடையால் தள்ளியதில் வசந்தா விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. வசந்தா விட்டெறிந்த எடைக்கல்லில் அஞ்சம்மாளின் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள். நடுவில் ஓர் அரிவாள்மணை கிடந்தது. அதை இருவருமே தொடவில்லை. இருந்தும் வழக்கில் அது இருவர் கைக்கும் போய்விட்டதால் உடனே ஜாமீன் கிடைக்கவில்லை. ஒரே வண்டியில், ஒருத்தி கையில் மாவுக்கட்டோடும் ஒருத்தி நெற்றியில் கட்டோடும் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதும் சண்டைதான்.

மறுநாள் குழாயடியில் மறுபடியும் சத்தம். இவள் குடத்தை அவள் நகர்த்தினாள் என்பதில் ஆரம்பித்து இரண்டு குப்பத்து முன்னோர்கள் வரை போனது. கை ஓங்கவில்லை, வாய்தான். ஆனால் அஞ்சம்மாளின் குரல் ஆண்கள் பக்கத்தைத் தாண்டி ஆபீஸ் வரைக்கும் கேட்டது. அன்று பொறுப்பில் இருந்த உதவி ஜெயிலர் வந்து பார்த்தார். வசந்தா கையில் கட்டு, அஞ்சம்மாள் வாயில் கூச்சல். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அஞ்சம்மாளைப் பின்னறையில் வைக்கச் சொல்லி, ‘மற்றவர்களின் பாதுகாப்புக்காக, மறு உத்தரவு வரும்வரை’ என்று எழுதிவிட்டார். அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். உத்தரவு மட்டும் எங்களிடம் நின்றுவிட்டது.

முதல் சில நாள் அஞ்சம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வைதாள். பிறகு கேள்வியாகக் கேட்டாள். என்னை எப்ப விடுவீங்க, நான் என்ன செஞ்சேன் என்று. சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளும் நேரமும் குளிக்க அழைத்துப்போகும் நேரமும் தவிர அவளுக்கு மனித முகமே இல்லை. வாரங்கள் போகப் போகக் கேட்பதையும் நிறுத்தினாள். தலை வாருவதை விட்டாள். தட்டில் பாதி அப்படியே திரும்பி வந்தது. ஒரு நாள் காலை நான் கதவைத் திறந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கேட்டும் விழவில்லை. அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

இப்போது எங்கள் சூப்பரிண்டெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். உயரமான, வெடவெடவென்று ஒல்லியான மனிதர். கைதி யாராவது குறை சொன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்க மாட்டார், எழுந்து நிற்பார். கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி முழுவதும் கேட்பார். முடிந்ததும், “இன்னொரு தரம் சொல்லுங்க” என்பார். இரண்டாவது தடவை பெரும்பாலும் குறை பாதியாகச் சுருங்கிவிடும். மிச்சம் நிற்பதுதான் உண்மையான குறை என்பது அவர் கணக்கு. அதற்கப்புறம், “எழுத்துல குடுங்க” என்பார். யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. வார்டர்களுக்கு அவரிடம் பயம்.

வாரம் ஒரு நாள் அவர் பெண்கள் பக்கம் வருவார். எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். குறை இருப்பவர்கள் ஓரடி முன்னால் வந்து சொல்ல வேண்டும். அந்த வாரம் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். இருவர் எண்ணெய் போதவில்லை என்றார்கள். அவர் கேட்டு முடித்துத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னறையில் இருப்பவள் வரிசைக்கு வரவே முடியாது. பூட்டிவிட்டீர்கள் என்ற குறையைச் சொல்லக் கதவு திறந்திருக்க வேண்டுமே. ஐயா, இன்னொருத்தர் பின்னால் இருக்கிறார், அவரையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் நின்றார். வழக்கம்போல் தரையைப் பார்த்தார். பிறகு பின்னறைப் பக்கம் நடந்தார்.

கதவைத் திறக்கச் சொல்லி நிலைக்கு வெளியே நின்றார். அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை. என்ன குறை என்று கேட்டார். அவள் உதடு அசைந்தது. இன்னொரு தரம் சொல்லுங்க என்றார். இந்த முறை கேட்டது. “நான் இங்க இருக்கேங்கறது யாருக்காச்சும் தெரியுமாங்கய்யா?” அவ்வளவுதான் கேட்டாள்.

ஆபீசுக்குப் போய் அந்த உத்தரவை எடுத்து வரச் சொல்லிப் படித்தார். என்ன நடந்தது, யார் விசாரித்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எதுவும் அதில் இல்லை. அதற்காக உடனே அவளை விட்டுவிடவும் இல்லை. அவரைக் கருணை இல்லாதவர் என்று அன்று நினைத்தேன். “என்னம்மா, நாளைக்கே ரெண்டு பேரையும் ஒண்ணா விட்டு, இன்னொரு கை ஒடிஞ்சா யார் பதில் சொல்றது?” என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்றே இரண்டு காரியம் செய்தார். பகலில் பின்னறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், வாசலில் ஒரு வார்டர் இருக்க வேண்டும் என்றார். டாக்டரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, தூக்கம் இல்லை, எடை குறைந்திருக்கிறது, இவருக்கு மருந்தைவிடப் பேச்சுத் துணைதான் வேண்டும் என்று எழுதினார். அவளுடைய மனுவை எழுத ஆள் ஏற்பாடு செய்யும்படி சூப்பரிண்டெண்ட் என்னிடம் சொன்னார்.

சட்ட உதவி வக்கீலம்மா வாரா வாரம் வியாழக்கிழமை வருவார். சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருவார். பின்னறை வாசற்படியில் அஞ்சம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். என்னென்ன வழி இருக்கிறது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். தனிமைச் சிறை என்று தண்டனை கொடுக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான், ஜெயில் தானாகக் கொடுக்க முடியாது. ஏதாவது காரணத்துக்காகப் பிரித்து வைத்தால் அந்தக் காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் பதில் சொல்ல இடம் தர வேண்டும், அடிக்கடி மறுபடி பார்க்க வேண்டும். முதலில் சூப்பரிண்டெண்டுக்கு மனு கொடுப்போம். அதன் நகல் மாதாமாதம் சிறையைப் பார்க்க வரும் நீதிபதிக்கும் போகும். காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது வாயைத் திறந்து சொல்லலாம். எதிலும் நடக்கவில்லை என்றால் ஹைகோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டாலும் அவர்கள் வழக்காக எடுக்கலாம்.

மாஜிஸ்திரேட் விஷயம் வந்ததும் அஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். அவளை வீடியோவில்தான் நிறுத்தினார்கள். டிவிப் பெட்டியில் ஐயா தெரிந்தாராம். இவள் கும்பிட்டுவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த ஜெயில் தெரிந்ததாம்.

பிறகு மனு எழுத ஆரம்பித்தார்கள். அஞ்சம்மாள் சொல்லச் சொல்ல வக்கீலம்மா எழுத வேண்டும். முதல் வரியே, வசந்தா எப்படிப்பட்டவள் என்பதில் ஆரம்பித்தது. அது வேண்டாம் என்றார் வக்கீலம்மா. சரியென்று வசந்தாவின் மாமியாருக்குப் போனாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் குரல் ஏறுவதைக் கேட்டு, வாசலில் நின்ற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். கடைசியில் வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டு, “அம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

அஞ்சம்மாள் யோசித்தாள். “மனுச சத்தம் வேணும். சண்டையா இருந்தாலும் பரவால்ல.”

வக்கீலம்மா அதை அப்படியே எழுதினார். கீழே அஞ்சம்மாள் கட்டைவிரல் வைத்தாள்.

மனு கையில் கிடைத்ததும் சூப்பரிண்டெண்ட் அதை மேஜையில் வைத்திருக்கவில்லை. மறுபடி சண்டை வருமோ என்ற தன்னுடைய சந்தேகத்தையும், டாக்டர் எழுதியதையும் சேர்த்து அன்றைக்கே நீதிபதிக்கு அனுப்பினார். அந்த மாத வருகைக்கு இன்னும் நாள் இருந்தது. நீதிபதி முன்னதாகவே வந்துவிட்டார்.

நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். ஆபீசில் விசாரிக்கலாம் என்று நாற்காலி போட்டிருந்தோம். வேண்டாம், முற்றத்திலேயே பார்க்கிறேன் என்று சொல்லி அங்கே உட்கார்ந்தார். அஞ்சம்மாளை அழைத்து வந்தேன். தலையை நானே அழுந்த வாரி முடிந்துவிட்டிருந்தேன். நீதிபதி முதலில் மனுவை அவளுக்குப் படித்துக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பொது அறைக்குப் போனால் சண்டை போடுவீர்களா என்று கேட்டார். “வாயால போடுவேங்கம்மா. அத நான் பொய் சொல்லக் கூடாது. கையத் தூக்க மாட்டேன்” என்றாள்.

சூப்பரிண்டெண்டிடம் கேட்டார். அவர் நின்றபடியே, தான் வருவதற்கு முன்பு உதவி ஜெயிலர் போட்ட உத்தரவில் காரணம் போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் காயம்பட்ட பெண்ணும் அதே அறையில் இருக்கிறாள், அவளுக்கும் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது என் கடமை, அவளைக் கேட்காமல் நான் முடிவு செய்ய முடியாது என்றார். அதுவும் சரிதான் என்று நீதிபதி மற்ற பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்கள் எல்லோரும் அஞ்சம்மாள் வரட்டும் என்றார்கள். கடைசியில் வசந்தாவைக் கூப்பிட்டார்.

வசந்தா பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை யாரும் ஒதுக்க முடியாது. ஒதுக்கவும் கூடாது. அவள் மாவுக்கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். தலை சிக்குப் பிடித்துத் தோளில் பரந்து கிடந்தது. ஒரு கையால் அவளால் பின்னிக்கொள்ள முடியாது. மற்றவர்களிடம் கேட்கவும் அவளுக்கு ரோஷம்.

நீதிபதி, “இவங்களைப் பார்த்து உங்களுக்குப் பயமா இருக்கா? யாருக்காகவும் பார்க்காம உண்மையைச் சொல்லுங்க” என்றார்.

வசந்தா அஞ்சம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். இளைத்துப்போயிருந்த அந்த உடம்பைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நீதிபதி பக்கம் திரும்பி, “பயமா? எனக்கு ஒரு மாசமா தல வாரி விட ஆள் இல்லங்கம்மா. அவ ஒடைச்ச கை. அவளயே வந்து பின்னிவிடச் சொல்லுங்க” என்றாள்.

முதலில் சிரித்தது நீதிபதிதான். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சூப்பரிண்டெண்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

நீதிபதி உத்தரவு போடத் தேவையே இருக்கவில்லை. இதை நீங்களே ரத்து செய்கிறீர்களா என்று கேட்டார், சூப்பரிண்டெண்ட் அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய உத்தரவின் கீழேயே எழுதினார். இனிமேல் இங்கே யாரைப் பிரித்து வைத்தாலும் காரணத்தை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும், டாக்டர் தினமும் பார்க்க வேண்டும், வாராந்தர வரிசையை அந்தக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் அடுத்த நாள் ஓர் உத்தரவு போட்டார். கடைசி விஷயத்தைப் படித்தபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவரிடம் அதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை.

அன்று மத்தியானமே அஞ்சம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பொது அறைக்கு வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். வசந்தா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், சீப்பு பக்கத்தில் தரையில் கிடந்தது. அஞ்சம்மாள் பாயை வைத்துவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். கூடை தூக்கிய கை, கொஞ்சம் முரடாகத்தான் இழுத்தது.

“மெல்லடி” என்றாள் வசந்தா.

“ஆடாம இருடி” என்றாள் அஞ்சம்மாள்.

பின்னல் முடிவதற்குள் பழைய நிழல் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். யார் முதலில் அங்கே கூடை வைத்தது என்று. வாசலில் நின்ற என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் தலை எண்ணிவிட்டு நழுவிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் அஞ்சம்மாளின் தட்டு காலியாக வந்தது.

இருவருக்கும் பிறகு ஜாமீன் கிடைத்தது. வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்கிறோம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். இப்போது கொட்டகைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறும்போது இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். நான் மீன் வாங்கப் போனால் பெரிய தொல்லை. ஒருத்தியிடம் இறால் எடுத்தால் அடுத்தவளிடம் நண்டு எடுத்தே ஆக வேண்டும். விலையில் இருவருமே எனக்குச் சலுகை காட்டுவதில்லை, பேச்சில் காட்டுவார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் ஆபீசில் சின்னதாக விழா. மாலை, சால்வை, கேசரி. என் கணவர் வெள்ளை வேட்டியில் வந்து கூச்சத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசல் காவலர் ஓடி வந்தார். இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள், முழு வஞ்சிர மீன் ஒன்றை வாழையிலையில் கட்டி வைத்துக்கொண்டு உங்களைக் கேட்கிறார்கள், உள்ளே வரச் சொன்னால் வர மாட்டோம் என்கிறார்கள் என்றார்.

நான் மாலையோடு வாசலுக்குப் போனேன். பெரிய கதவில் இருக்கும் சின்னத் திட்டிவாசல் திறந்திருந்தது. வெளியே அஞ்சம்மாளும் வசந்தாவும் புதுப் புடவையில் நின்றார்கள். வசந்தா கையில் மீன். வாங்க, வந்து கேசரி சாப்பிடுங்க என்று கூப்பிட்டேன்.

“நாங்க உள்ள வந்தது போதும் வார்டரம்மா” என்றாள் அஞ்சம்மாள். தெருமுனை ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்கதான் இத்தன வருசமா உள்ளயே இருக்கீங்க. வெளிய வாங்க.”

தலையைக் குனிந்து, திட்டிவாசலைத் தாண்டி, வெளியே வந்தேன்.